வங்கக் கடற்புயல்களும் நம் குடியிருப்புகளும்

வெள்ளி விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால் தலைவர்களின் வாழ்க்கை, உரிமைப் போராட்டங்கள், சட்டங்கள் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே வழக்கம். அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், கடற்கரை மாவட்டங்களில் வாழும் நம் சமுதாய மக்களின் வாழ்வைத் தலைமுறை தலைமுறையாகக் குலைத்து வந்துள்ள மற்றொன்றின் வரலாற்றையும் நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அது வங்கக் கடற்புயல்களின் வரலாறாகும்.

காற்றுக்கும் மழைக்கும் சாதி இல்லை என்று சொல்லக் கேட்கிறோம். அது உண்மையே. காற்று மாடி வீட்டின் மீதும் குடிசையின் மீதும் ஒரே வேகத்தில்தான் மோதுகிறது. ஆனால் புயல் ஓய்ந்தபின் இறந்தோரைக் கணக்கெடுக்கும்போது, மாடி வீடும் குடிசையும் ஒரே அளவில் பறிகொடுத்திருப்பதில்லை. இவ்வேறுபாடு ஏன் ஏற்படுகிறது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் வினா. அதற்கு மூன்று செய்திகளை அறிய வேண்டும். புயல் எவ்வாறு உண்டாகிறது என்பது ஒன்று. புயல் எச்சரிக்கை யாருக்காகத் தோன்றியது என்பது இரண்டாவது. நம் மக்களின் குடியிருப்புகள் எத்தகைய நிலத்தில், எத்தகைய உரிமையுடன் அமைந்திருந்தன என்பது மூன்றாவது.

புயல் உண்டாகும் முறை

புயலுக்கு உணவு கடலின் வெப்பமாகும். கடல்நீரின் மேற்பரப்பு சுமார் 27 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கோ அதற்கு மேலோ சூடேறி, அச்சூடு ஓரளவு ஆழத்திற்கும் இறங்கியிருந்தால், அங்கிருந்து நீராவி மிகுதியாக எழுகிறது. ஈரமான அக்காற்று மேலே சென்று குளிரும்போது நீராவி மேகமாகிறது. நீர் ஆவியாவதற்குச் செலவான வெப்பம், ஆவி மீண்டும் நீராகும்போது வெளிப்படுகிறது. இதனை உள்ளுறை வெப்பம் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இவ்வெப்பத்தால் மேலே உள்ள காற்று மேலும் சூடாகி எழுகிறது. கீழே காற்றழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து ஈரக்காற்று விரைந்து வருகிறது. அதுவும் மேலெழுகிறது. இவ்வாறு தன் வெப்பத்தாலேயே தான் வளர்வது புயலின் இயல்பு.

உள்நோக்கி வரும் காற்று நேராகச் சென்று நடுவிடத்தை அடைவதில்லை. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வடகோளத்தில் காற்று வலப்புறமாகத் திருப்பப்படுகிறது. அதனால் நம் பகுதிப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. பூமத்திய ரேகையை ஒட்டி இத்திருப்பு விசை மிகச் சிறிது. ஆகையால் அங்கே கடல் சூடாக இருந்தும் புயல்கள் தோன்றுவது மிக அரிது.

காற்றின் வேகத்தைக் கொண்டே வானிலைத் துறையினர் பெயரிடுகின்றனர். மணிக்கு 31 கிலோமீட்டருக்கு மேல் போனால் தாழ்வு மண்டலம். 50 கிலோமீட்டரை எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரை எட்டினால் அது புயல். 89 ஆனால் கடும்புயல். 118-ஐத் தாண்டினால் மிகக் கடும்புயல். 222-க்கு மேல் சென்றால் பெரும் சூறாவளியாகும். புயலின் நடுவில் காற்றில்லாத ஓர் அமைதிப் பகுதி உண்டு. அதனைப் புயலின் கண் என்பர். கண் ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று அடங்கிவிடும். புயல் ஓய்ந்தது என்று எண்ணி வெளியே வருவோர் பலர். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று முன்னிலும் கொடியதாய் வீசும். இதனை அறியாமையால் போன உயிர்கள் மிகப்பல.

வங்கக் கடலில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் புயல்கள் தோன்றுகின்றன. தமிழகக் கடற்கரையைத் தாக்குவன பெரும்பாலும் பின்னவையே.

கொல்வது காற்றா, நீரா?

புயலில் காற்றே கொல்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உலகப் பெரும் புயல்களில் மாண்டோரில் மிகப் பெரும்பாலோர் நீரில் மூழ்கி மாண்டவர்களே. புயற்காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளிக் குவிக்கிறது. கடற்கரை ஆழமின்றிச் சரிவாக இருந்தால் குவிந்த நீர் திரும்பிச் செல்ல வழியின்றி நிலத்தின் மேல் ஏறுகிறது. இதுவே கடற்பெருக்கு. அமாவாசை, பௌர்ணமி ஓதமும் அதனுடன் சேர்ந்துவிட்டால் நீர் இன்னும் உயரும். மேற்கு நோக்கி வரும் புயல் நம் கரையைக் கடக்கும்போது, கடக்கும் இடத்திற்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். ஆதலின் அங்கேதான் கடற்பெருக்கு மிகும்.

நீர் வடிந்த பின்னும் துன்பம் தீர்வதில்லை. வயலில் உப்பு படிகிறது. கிணறும் குளமும் உவர்ப்பாகின்றன. 1876 அக்டோபர் 31 அன்று கீழ்வங்காளத்தில் பாக்கர்கஞ்சு பகுதியைத் தாக்கிய புயலில் சுமார் ஒரு லட்சம் மக்கள் மூழ்கி இறந்தனர். அதன் பின்னர் பரவிய காலராவும் பஞ்சமும் ஏறத்தாழ அதே அளவு உயிர்களைக் கொண்டன என்று வரலாறு கூறுகிறது. முதற்சாவு கடலால் வந்தது. இரண்டாவது, குடிநீரும் கஞ்சியும் கிடைக்காமையால் வந்தது.

எச்சரிக்கை யாருக்காகத் தோன்றியது?

புயலுக்குச் 'சைக்ளோன்' என்ற பெயரை இட்டவர் ஹென்றி பிடிங்டன் என்பவர். கப்பல் தலைவராக இருந்து பின் கல்கத்தாவில் குடியேறியவர். வங்கக் கடலில் புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, ஒவ்வொரு கப்பலும் எந்நாளில் எத்திசைக் காற்றைக் கண்டது என்று வரைபடத்தில் குறித்து, புயல் வட்டமாகச் சுழல்கிறது என்பதை விளக்கினார். சுருண்டு கிடக்கும் பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை உருவாக்கி, 1848-ல் மாலுமிகளுக்கென எழுதிய நூலில் வெளியிட்டார். கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் ஒன்றைக் கட்ட அரசு முனைந்தபோது, கடற்பெருக்கால் அது ஒருநாள் அழியும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. கானிங் துறைமுகம் கட்டப்பட்டது. பிடிங்டன் 1858-ல் காலமானார். 1867 நவம்பரில் வந்த புயல் அத்துறைமுகத்தைப் பாழாக்கியது.

அதற்கு முன்னரே, 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60,000 பேர் மாண்டனர். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் கடல் ஏறிச் சுமார் 30,000 பேர் மாண்டனர். இவ்விரு அழிவுகளுக்குப் பின் 1865-ல் கல்கத்தா துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875-ல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு. பிறகு எச்சரிக்கை முறை நாட்டின் மற்றத் துறைமுகங்களுக்கும் விரிவாயிற்று.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வெச்சரிக்கை கப்பல்களுக்கும் சரக்குகளுக்கும் ஏற்பட்டது. மழைக்காலந்தோறும் வானொலியிலும் நாளிதழ்களிலும் 'மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று கேட்டும் படித்தும் இருக்கிறோம். கூண்டு என்பது துறைமுகக் கொடிமரத்தில் பகலில் ஏற்றப்படும் கூம்பு வடிவ, உருளை வடிவ அடையாளமாகும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் ஏற்றப்படும். இவ்வடையாளங்கள் 11 வகை. முதலிரண்டு தொலைவில் உள்ள புயலைக் குறிப்பன. எட்டு, ஒன்பது, பத்து ஆகியன பேரபாயத்தைக் குறிப்பன. பதினொன்றாவது, எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பு அறுந்தது என்பதைக் குறிப்பது. இவற்றின் பொருள் மாலுமிக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து இருபது மைல் தொலைவில் முழங்கால் சேற்றில் நாற்று நடும் பெண்ணுக்குக் கொடிமரமும் தெரியாது, கூண்டும் தெரியாது. கப்பலுக்கு 1865-ல் கிடைத்த எச்சரிக்கை, வயற்கூலிக்குக் கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஊருக்குள் தந்தி வந்தாலும் அது மணியக்காரர் வீட்டோடு நின்றது. வானொலி வந்தபோதும் அது முதலில் இருந்தது ஊர்த்தெருவில்தான்.

தாழ்ந்த நிலமும் மண்சுவரும்

இனி நம் குடியிருப்புகளின் வரலாற்றுக்கு வருவோம். கடற்கரை மாவட்டங்களில் பழைய ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். கோயிலும் ஊர்த்தெருவும் மேட்டில் இருக்கும். சேரி பெரும்பாலும் வாய்க்காலுக்கு அப்பால், வயலை ஒட்டிய பள்ளத்தில் இருக்கும். இது தற்செயலாக அமைந்ததன்று.

செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் நம் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். நிலமில்லாமை ஒருபுறம் இருக்க, குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை அவர் எடுத்துக் காட்டினார். மனை மிராசுதாரருடையது. கூலி உயர்வு கேட்டாலும், வேறிடம் வேலைக்குச் சென்றாலும் குடிசையிலிருந்து வெளியேற்றப்படலாம். அடுத்தவன் மனையில், நாளை இருப்போமா என்று தெரியாத இடத்தில், எவன் செங்கற்சுவர் எழுப்புவான்? எழுப்ப நினைத்தாலும் விடுவார்களா? எனவே மண்சுவரும் கீற்றுக் கூரையும் நம் வறுமையின் விளைவு மட்டுமல்ல. மனை உரிமை மறுக்கப்பட்டதன் விளைவும் ஆகும். மண்சுவர் நீரில் ஊறினால் கரைந்துவிடும். புயல் இரவில் அதனுள் இருப்போர் மீதே அது சாயும்.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மனைகள் வழங்கவும் பள்ளிகள் திறக்கவும் தொடங்கியது. இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடி அப்பள்ளிகளே. ஆனால் வழங்கப்பட்ட மனைகள் தேவைக்கு மிகக் குறைவு. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மடிந்ததை நாம் மறப்பதற்கில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின், 1971-ல், விவசாயத் தொழிலாளர் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழகத்தில் வந்தது. 1974-ல் தாட்கோ என்று வழங்கும் ஆதி திராவிடர் வீட்டு வசதிக் கழகம் ஏற்பட்டது. மனைப்பட்டா கிடைத்த இடங்களில் சுவர் உறுதியாயிற்று. உறுதியான சுவருக்குள் உயிரும் தங்கியது. பட்டாவுக்கான போராட்டம் புயலுக்கு எதிரான போராட்டமும் ஆகும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

அழிவின் ஆண்டுகள்

1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தருகே கரையேறிய புயலும், 1955-ல் தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களைத் தாக்கிய புயலும் நம் முதியோர் நினைவில் நின்றவை. 1964 டிசம்பர் 22 இரவில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் அடித்துச் செல்லப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் சேர்த்துச் சுமார் 1,800 பேர் மாண்டனர். மக்கள் வாழத் தகுதியற்றது என்று அவ்வூரை அரசு அறிவித்தது.

1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் கங்கைக் கழிமுகத் தீவுகளைக் கடல் மூடியது. இறந்தோர் 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்று மதிப்பிடப்படுகிறது. வரலாற்றில் பதிவான புயல்களில் மிகப் பெரிய உயிரிழப்பு இதுவேயாகும். வானிலைச் செயற்கைக்கோள் அப்புயலை முன்னதாகவே படம் பிடித்திருந்தது. அபாயத்தின் அளவு தீவுகளில் இருந்த உழவர்களுக்கு உரியவாறு சென்று சேரவில்லை. பிழைத்தோரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களின் மார்பிலும் கைகளிலும் தோல் உரிந்திருந்ததைக் குறித்துள்ளனர். இரவு முழுதும் மரத்தைக் கட்டிப் பிடித்ததால் ஏற்பட்ட காயங்கள் அவை. பிடித்துக்கொள்ள வலுவில்லாத குழந்தைகளும் முதியோரும் பெண்களும் மிகுதியாக மாண்டனர்.

1977 நவம்பர் நமக்கு இரட்டைத் துயரம். 12-ஆம் நாள் நாகப்பட்டினத்தருகே ஒரு புயல் கரையேறியது. ஒரே வாரத்தில், 19-ஆம் நாள், ஆந்திரத்தில் கிருஷ்ணா ஆற்றுக் கழிமுகத்திலுள்ள திவிசீமைப் பகுதியில் சுமார் 5 மீட்டர் உயரத்திற்குக் கடல் ஏறிற்று. சுமார் 10,000 பேர் மாண்டனர். நெல் விளையும் செழிப்பான பூமி அது. அந்நெல்லை விளைவித்தும் நிலமில்லாதிருந்த கூலி மக்களின் குடிசைகள் நீர் வந்த வழியிலேயே இருந்தன.

நிவாரணத்திலும் இதே வேறுபாடு தொடர்ந்தது. பயிர் இழந்தவனுக்கு இழப்பைக் காட்ட நிலப்பட்டா உண்டு. தோப்பு இழந்தவன் மரங்களை எண்ணிக் காட்டலாம். மாதக்கணக்கில் வேலையிழந்த கூலியாளுக்குக் காட்ட என்ன இருக்கிறது? 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலில் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோதும், தோப்பில் கூலி வேலை செய்து பிழைத்தோரின் இழப்பு இத்தகையதாகவே இருந்தது. 2004 ஆழிப்பேரலை புயல் அன்று எனினும், அதன் பின்னர் நிவாரண முகாம்களில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் குடிநீரும் தங்குமிடமும் பாகுபாட்டுடன் வழங்கப்பட்டதை நாளிதழ்களும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்துள்ளன. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு, முகாமின் வாசலில் நின்றுவிடுவதில்லை என்பதை நம்மவர் அறிந்திருக்க வேண்டும்.

சாவைக் குறைக்க முடியும்

இவற்றைப் படிக்கும் இளைஞர்கள், இயற்கையின் சீற்றத்திற்கு மனிதன் என்ன செய்ய முடியும் என்று மனம் தளரக்கூடும். தளர வேண்டியதில்லை. அண்மை வரலாறு நம்பிக்கை தருவதாகவே இருக்கிறது.

ஒரிசாவில் 1999 அக்டோபர் 29 அன்று தாக்கிய பெரும் சூறாவளியில் சுமார் 10,000 பேர் மாண்டனர். அம்மாநிலம் அதிலிருந்து பாடம் கற்றது. கடற்கரை நெடுகிலும் தூண்களின் மேல் உயர்த்திய புயல் பாதுகாப்பு இல்லங்களைக் கட்டியது. ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றுவித்தது. 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது, ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளில் அடங்கியது.

வங்காளதேசத்திலும் இவ்வாறே. 1970-ன் பேரழிவுக்குப் பின், 1972-ல் அங்கே புயல் முன்னெச்சரிக்கைத் தொண்டர் படை ஒன்று அமைக்கப்பட்டது. ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி வீடு வீடாகச் செல்வோர் அவ்வூர் மக்களே. 1991 ஏப்ரல் 29 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தனர். பாதுகாப்பு இல்லங்கள் போதாமையே அதற்கு முக்கியக் காரணம். பிறகு இல்லங்கள் பெருகின. 2007-ல் அதற்கு நிகரான வலிமையுடன் வந்த சிட்ர் புயலில் இறந்தோர் சுமார் 3,400 பேர். இன்று அத்தொண்டர் படையில் 70,000-க்கும் மேற்பட்டோர் உள்ளனர். ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள்.

புயலின் வலிமை குறைந்ததால் சாவு குறையவில்லை. இந்த நூற்றாண்டில் கடல் மேலும் சூடாகிவருவதால், விரைந்து வலுப்பெறும் கடும்புயல்கள் கூடும் என்றே அறிஞர்கள் எச்சரிக்கின்றனர். செய்தி கடைசிக் குடிசை வரை சென்றதாலும், அக்குடிசையில் இருந்தவருக்கு ஏறி நிற்க உறுதியான கட்டடம் கிடைத்ததாலும்தான் சாவு குறைந்தது. அக்கட்டடங்கள் மற்ற நாட்களில் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களாக விளங்குகின்றன என்பது கல்விச் சங்கத்தாராகிய நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

நம் கடமை

இன்று வானிலைத் துறை கடற்கரையில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி முன்னரே எச்சரிக்கை வெளியிடுகிறது. 24 மணி முன்னர் அடுத்த கட்ட எச்சரிக்கை தருகிறது. ராடார், செயற்கைக்கோள், கைப்பேசி எல்லாம் வந்துவிட்டன. எனினும், வந்த செய்தியைப் படித்துப் பொருள் உணர்ந்து, மூலைக்குடிசையில் இருக்கும் மூதாட்டிக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் நம் தெருவில் பிறந்த, படித்த இளைஞராகவே இருக்க வேண்டும். ஆகவே, நம் சங்கத்தின் இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவன:

1. நம் தெருவின் உயரம், நீர் வரும் வழி, அருகிலுள்ள பாதுகாப்பு இல்லம் ஆகியவற்றை வரைபடமாக எழுதி வைத்தல் வேண்டும்.

2. முதியோர், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், உடல் ஊனமுற்றோர் உள்ள வீடுகளைப் பட்டியலிட்டு, அவர்களை அழைத்துச் செல்வதற்கு ஆள் குறித்து வைத்தல் வேண்டும்.

3. மனைப்பட்டா, குடும்ப அட்டை, சாதிச் சான்று, பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றை நீர் புகாத உறையில் வைக்கப் பழக்குதல் வேண்டும். ஒரு மதிப்பெண் சான்றிதழ் நனைந்து அழிந்தால், ஒரு தலைமுறையின் உழைப்பே தடைப்படும்.

4. பொதுக் கட்டடத்திலும் பொதுக் குடிநீரிலும் எவருக்கும் உள்ள உரிமை நமக்கும் உண்டு. அதை மறுப்போர் எவராயினும், நாள், இடம் குறித்து எழுத்து மூலம் முறையிடுதல் வேண்டும்.

5. சேதக் கணக்கெடுப்பில் குடிசையும் கால்நடையும் கூலியிழப்பும் விடுபடாமல், தெருவாரியாகப் பட்டியல் தயாரித்து அலுவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை எழுத்தறிவே. அண்ணல் அம்பேத்கர் கல்வியை முதலில் வைத்தது, உத்தியோகத்தை மட்டும் கருதியன்று. தன் நிலையைத் தானே ஆராய்ந்து, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை எண்ணியே ஆகும். 25 ஆண்டுகளில் நம் சங்கம் பல பட்டதாரிகளை உருவாக்கியுள்ளது. அவர்கள் வெளியூர்களில் உயர்ந்த நிலையில் இருப்பது நமக்குப் பெருமையே. அவர்களுள் சிலரேனும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானிலை அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு நம் தெருக்களில் வீடு வீடாக நடப்பாராயின், சங்கத்தின் பொன் விழா மலரை எழுதுவோர் நம் மக்கள் புயலில் மாண்ட கதையை எழுத வேண்டியிராது. அவர்கள் புயலைக் கடந்து வாழ்ந்த வரலாற்றை எழுதுவார்கள். அப்பணியை இவ்வாண்டே தொடங்குவோமாக.